கப்பலேறி வந்த சிப்பி

சிப்பி என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு முத்துதான் நினைவுக்கு வரும். தூத்துக்குடியிலும் மன்னாரிலும் மூச்சடக்கி முத்துக்குளித்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் நாம் இன்று வாழும் வாஷிங்டன் மாநிலத்தில் பேர்போன சிப்பி வேறு. அதில் நகைக்கு ஆகும் முத்து கிடைக்காது. அது சாப்பிடுவதற்கென்றே பண்ணையில் வளர்க்கப்படுவது. சிப்பி, மட்டி முதலியவற்றை வளர்ப்பதில் அமெரிக்காவில் முன்னணியில் நிற்கும் மாநிலம் நம்முடையது. சியாட்டில் மீன் கடைகளில் பனிக்கட்டியின் மேல் அடுக்கி, பக்கத்து விரிகுடாவின் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். பார்ப்பவர்கள் இது இந்த மண்ணின் சரக்கு என்றே நினைப்பார்கள்.

அது இந்த மண்ணின் சரக்கு அல்ல. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் இருவர், அவர்களும் ஜப்பானிலிருந்து வந்து குடியேறியவர்கள். சிப்பி இங்கே வேரூன்றியது. கொண்டுவந்தவர்களுக்கு இங்கே ஒரு சாண் நிலம்கூடச் சொந்தமாக நிலைக்கவில்லை. இந்தக் கதையை நம் வாலிபர்கள் தெரிந்துகொள்வது நல்லது என்று எண்ணியே இதை எழுதுகிறோம். சிப்பி வளர்ப்பைத் தொழில்நுட்பம் எப்படி மாற்றியது, இன்றும் எப்படி மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதும் இதே கதையின் பகுதிதான்.

முதலில் இருந்த சிப்பி

இந்தக் கரைக்குச் சொந்தமான சிப்பிக்கு ஒலிம்பியா சிப்பி என்று பெயர். ஒரு பெரிய நாணயத்தின் அளவுதான் இருக்கும். ருசி அதிகம், வளர்ச்சி மெதுவு. விற்கும் அளவுக்கு வர நாலைந்து ஆண்டுகள் ஆகும். பியூஜெட் சவுண்டிலும் வில்லாபா விரிகுடாவிலும் பூர்வகுடி மக்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக உண்டு வந்தார்கள்.

1848-ல் கலிபோர்னியாவில் தங்க வேட்டை தொடங்கியது. சான்பிரான்சிஸ்கோவில் திடீரென்று கையில் பணம் புழங்கும் கூட்டம் பெருகிவிட்டது. அவர்களுக்குச் சிப்பி வேண்டும். 1851 முதல் பாய்க்கப்பல்கள் வில்லாபா விரிகுடாவுக்கு வந்து சிப்பியை அள்ளிக்கொண்டு தெற்கே போயின. 1854-ல் அந்தக் கரையில் ஆய்ஸ்டர்வில் என்ற ஊரே எழும்பியது. அந்த ஊரை அமைத்த வெள்ளையருக்குச் சிப்பித் திட்டுகள் எங்கே இருக்கின்றன என்று காட்டியவர் நகாட்டி என்ற பூர்வகுடித் தலைவர். முப்பது ஆண்டுகள் இப்படி அள்ளினார்கள். அள்ளிய ஓட்டையும் திருப்பிக் கடலில் போடவில்லை. சிப்பிக் குஞ்சுகள் பழைய ஓட்டின் மேல்தான் ஒட்டி வளரும். ஓடும் போய்விட்டால் அடுத்த தலைமுறைக்கு உட்கார இடம் இல்லை. 1880-களில் வில்லாபா ஏறக்குறைய காலியாகிவிட்டது.

அந்த நாட்களிலேயே ஒரு சட்டமும் வந்தது. 1895-ல் வாஷிங்டன் மாநிலம் சிப்பி வளர்ப்புக்காகக் கடற்கரைச் சேற்று நிலத்தைத் தனியார் விலைக்கு வாங்கலாம் என்று அனுமதித்தது. கடல் வற்றும்போது வெளியே தெரிந்து, ஏறும்போது மூழ்கும் நிலம் அது. நம் ஊர்ப்பக்கம் அதைப் புறம்போக்கு என்போம், யாருக்கும் பட்டா கிடையாது. இங்கே அதற்குப் பட்டா கொடுத்தார்கள். கதையின் பின்பகுதிக்கு இந்தச் சட்டம் முக்கியம்.

செத்துப்போன சரக்கு

எமி சுகிமோட்டோ, ஜோ மியாகி என்ற இரு ஜப்பானிய இளைஞர்கள் ஒலிம்பியா நகரத்துச் சிப்பித் தொழிலில் வேலை செய்தார்கள். உள்ளூர்ச் சிப்பி குறைந்துகொண்டே வருவதைக் கண்ணால் பார்த்தார்கள். தங்கள் நாட்டில், குறிப்பாக மியாகி மாகாணத்தில், இதைவிடப் பல மடங்கு பெரிதாகவும் வேகமாகவும் வளரும் சிப்பி இருப்பது அவர்களுக்குத் தெரியும். அதை இங்கே வளர்த்தால் என்ன? நம்பிக்கையுள்ள சிலரைச் சேர்த்துக்கொண்டு, வடக்கே சாமிஷ் விரிகுடாவில் சேற்று நிலம் வாங்கினார்கள்.

1919-ல் சுமார் 400 பெட்டிச் சிப்பி ஜப்பானிலிருந்து கப்பலேறியது. குளிர்பதன வசதி எதுவும் இல்லை. பெட்டிகளைக் கப்பலின் மேல்தளத்தில் அடுக்கி, பாய்களால் மூடி, கடல்நீரை அள்ளி ஊற்றி நனைத்துக்கொண்டே வந்தார்கள். அந்தக் காலத்தின் தொழில்நுட்பம் அவ்வளவுதான். பயணம் முடிந்து சாமிஷ் வந்து பார்த்தபோது பெரிய சிப்பிகள் அநேகமாக எல்லாம் செத்துக் கிடந்தன. போட்ட பணம் போயிற்று என்று அந்த ஓடுகளைக் கடலில் கொட்டிவிட்டார்கள்.

சில மாதம் கழித்துப் பார்த்தால், கொட்டிய ஓடுகளின் மேல் நகக்கண் அளவில் புதுச் சிப்பிகள் வளர்ந்துகொண்டிருந்தன. பெரிய சிப்பிகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவில் குஞ்சுகள் ஒட்டியிருந்திருக்கின்றன. தாய்ச் சிப்பிகளைக் கொன்ற பயணத்தை அந்தக் குஞ்சுகள் தாங்கிவிட்டன.

இதிலிருந்து கிடைத்த பாடம் அந்தத் தொழிலையே உண்டாக்கிற்று. வளர்ந்த சிப்பியை அனுப்பாதே, குஞ்சு ஒட்டிய ஓட்டை அனுப்பு. அதற்கு விதை என்றே பெயர் வைத்தார்கள். மியாகி மாகாணத்தில் இஷினோமாகி நகரை ஒட்டிய உப்பங்கழியில் ஓடுகளைக் கோத்துத் தொங்கவிடுவார்கள். குஞ்சுகள் வந்து ஒட்டும். பின்பு அவற்றைக் கடல் வற்றத்தில் வெயில்படும்படி வைத்துப் பழக்குவார்கள். நீரில்லாமல் சில மணி நேரம் இருக்கப் பழகிய குஞ்சுதான் கப்பல் பயணத்தைத் தாங்கும். நாற்றங்காலில் நாற்றை வளர்த்துப் பிடுங்கி வேறு வயலில் நடுவது நமக்குப் புதிதல்ல. இங்கே நாற்றங்காலுக்கும் வயலுக்கும் நடுவில் பசிபிக் பெருங்கடல் கிடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நிலம் யாருக்கு?

விதை பிழைத்தது. விதைத்தவர்களுக்கு நடந்தது வேறு.

1921-ல் வாஷிங்டன் மாநிலம் அந்நியர் நிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குடியுரிமை பெறும் உரிமை இல்லாதவர்கள் இங்கே நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கூடாது. அன்றைய கூட்டாட்சிச் சட்டப்படி, வந்து குடியேறியவர்களில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடியுரிமை கேட்கலாம். ஆகவே ஜப்பானியரின் பெயரைச் சொல்லாமலே ஜப்பானியரை அந்தச் சட்டம் விலக்கியது. 1922-ல் உச்ச நீதிமன்றமும் ஜப்பானியருக்குக் குடியுரிமை கிடையாது என்று ஒசாவா வழக்கில் தீர்ப்புக் கூறியது. சாமிஷ் பண்ணை கைமாறியது. வாங்கியவர்களில் முக்கியமானவர் ஈ. என். ஸ்டீல் என்ற அமெரிக்கர். ஜப்பான் சிப்பியை இந்த நாட்டுச் சந்தையில் நிலைநிறுத்தப் பெரும்பாடுபட்டவர் அவர். அதன் ஆரம்ப வரலாற்றை எழுதி வைத்தவரும் அவரே. முன்பு ஜப்பான் சிப்பி என்று அழைக்கப்பட்டது நாளடைவில் பசிபிக் சிப்பி ஆயிற்று.

இது ஜப்பானியரின் கதை, நமக்கென்ன என்று யாராவது கேட்கலாம். 1923-ல் இதே உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் என்ற இந்தியரின் வழக்கை விசாரித்தது. பஞ்சாபில் பிறந்த அவர் பக்கத்து மாநிலமான ஆரிகனில் மர ஆலைகளில் வேலை செய்தவர், முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் சேவை செய்தவர். இந்தியருக்கும் குடியுரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. அன்று நம்மில் ஒருவர் இங்கே வந்து கரையோரத்தில் நாலு ஏக்கர் வாங்க நினைத்திருந்தால், சுகிமோட்டோவுக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்திருக்கும். இந்தியருக்கு 1946-லும், ஜப்பானியருக்கு 1952-லும்தான் அந்தக் கதவு திறந்தது. வாஷிங்டனின் நிலச் சட்டம் 1966 வரை ஏட்டில் இருந்தது. கிரீன் கார்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் நம் நடுவிலும் உண்டு. சொந்த வீட்டுக் கடனை இங்கே கட்டிக்கொண்டு குறைந்தபட்சம் காத்திருக்கவாவது முடிகிறதே என்பதற்குப் பின்னால் எத்தனை பேருடைய வழக்கும் இழப்பும் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது விதைக் கப்பல்கள் நின்றன. 1942-ல் மேற்குக் கரையிலிருந்து சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இங்கேயே பிறந்த குடிமக்கள். சிப்பிப் பண்ணைகளில் உழைத்த குடும்பங்களும் அதில் போயின. போர் முடிந்தபின் விதைக் கப்பல்கள் மறுபடியும் வந்தன. பண்ணைக்காரர்களால் அந்த விதை இல்லாமல் இருக்க முடியவில்லை.

பூர்வகுடி மக்களின் வழக்கு இன்னும் நீண்டது. 1854, 1855-ம் ஆண்டு ஒப்பந்தங்களில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, வழக்கமான இடங்களில் மீனும் சிப்பியும் எடுக்கும் உரிமையை அவர்கள் தக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த உரிமை சிப்பிக்கும் மட்டிக்கும் பொருந்தும் என்று நீதிபதி எட்வர்ட் ரஃபீடி 1994-ல்தான் தீர்ப்பளித்தார். இயற்கையாக விளையும் சிப்பியில் பாதி அவர்களுடையது.

விதையை இங்கேயே உண்டாக்குதல்

ஜப்பான் விதையோடு வேண்டாத விருந்தாளிகளும் வந்தார்கள். ஓட்டைத் துளைத்துச் சிப்பியைத் தின்னும் ஒருவகை நத்தை அப்படி வந்து இங்கே தங்கிவிட்டது. விதையின் விலையும் ஏறிக்கொண்டே போயிற்று. ஹூட் கால்வாய்ப் பக்கத்தில் டாபாப் விரிகுடா போன்ற சில இடங்களில் பசிபிக் சிப்பி தானாகவே முட்டையிட்டுப் பெருகியது. ஆனால் அது கோடை வெயிலை நம்பிய விளைச்சல். ஒரு வருஷம் கிடைக்கும், மறு வருஷம் கிடைக்காது.

இதற்கு வழி நாட்டின் மறுகரையில் பிறந்தது. அன்றைய ரஷ்யப் பேரரசிலிருந்து வந்து குடியேறிய விக்டர் லூசனாஃப் என்ற விஞ்ஞானி, கனெக்டிகட் மாநிலத்து மில்ஃபோர்ட் ஆய்வுக்கூடத்தில், சிப்பியை எந்தப் பருவத்திலும் முட்டையிட வைக்கவும், குஞ்சுகளைத் தொட்டியிலேயே வளர்க்கவும் முறைகளைக் கண்டார். அதைக் கொண்டுதான் 1970-களில் இந்தக் கரையில் பொரிப்பகங்கள் வளர்ந்தன.

பொரிப்பகத்தில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். தாய்ச் சிப்பிகளை வெதுவெதுப்பான நீரில் வைத்து, கண்ணுக்குத் தெரியாத பாசியை ஊட்டி வளர்ப்பார்கள். நீரின் சூட்டைச் சற்று ஏற்றினால் கோடை வந்துவிட்டது என்று நினைத்து அவை முட்டையும் விந்தும் விடும். கருவுற்ற ஒரு நாளில் குஞ்சு நீந்தத் தொடங்கும். இரண்டு மூன்று வாரம் பாசியைத் தின்று நீந்தும். பின்பு அதன் உடலில் கண்போல ஒரு புள்ளி தோன்றும், ஒரு சின்னக் கால் முளைக்கும். உட்கார இடம் தேடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஒருமுறை ஓட்டில் ஒட்டிவிட்டால் ஆயுள் முழுவதும் அதே இடம்தான்.

ஒட்டுவதற்கு முந்தைய அந்த நேரத்தில்தான் மேற்குக் கரைக்காரர்கள் ஒரு காரியத்தைச் செய்தார்கள். கண்புள்ளி வந்த குஞ்சுகளை வடிகட்டி, ஈரத்துணியில் சுற்றி, குளிர்பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். எலுமிச்சம்பழ அளவு உருண்டையில் பத்து லட்சத்துக்கு மேல் குஞ்சுகள் அடங்கும். வாங்குகிறவர் தம் கரையிலேயே ஒரு தொட்டியில் கடல்நீரை நிரப்பி, பழைய ஓடுகளை வலைப்பைகளில் போட்டு வைத்து, அந்த உருண்டையைக் கரைத்துவிட வேண்டும். ஓரிரு நாளில் குஞ்சுகள் ஓட்டில் ஒட்டிவிடும். கப்பல் தளம் நிறைய 400 பெட்டிகளில் வந்தது ஒரு காலம். இப்போது ஒருவர் காரின் பின்சீட்டில் வைத்து ஒரு விரிகுடாவுக்கு வேண்டிய விதையைக் கொண்டுபோகிறார்.

இதே பொரிப்பகங்களால் இன்னொன்றும் சாத்தியமாயிற்று. கோடையில் சிப்பி முட்டையிடும் காலத்தில் சதை பாலாகிக் கரைந்து ருசி கெடும். ஸ்டாண்டிஷ் ஆலன் முதலிய விஞ்ஞானிகள் 1980-களில், வழக்கமான இரண்டு தொகுதி மரபணுக்களுக்குப் பதிலாக மூன்று தொகுதி உள்ள சிப்பியை இந்தக் கரைக்கு அறிமுகம் செய்தார்கள். விதையில்லாத் திராட்சையைப் போல அது மலட்டுச் சிப்பி. முட்டையிடாததால் கோடையிலும் சதை கெட்டியாக இருக்கும். சிப்பி விற்பனை ஆண்டு முழுவதும் நடப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

நம் ஊரும் இதில் பின்தங்கவில்லை. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1980-களின் தொடக்கத்தில் முத்துச் சிப்பிக்கும் உணவுச் சிப்பிக்கும் பொரிப்பக முறையில் குஞ்சு உண்டாக்கிக் காட்டினார்கள்.

தொட்டிகளில் வந்த சாவு

பொரிப்பகம் வந்தபின் விதைக் கவலை தீர்ந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். 2007-ல் ஆரிகன் மாநிலத்து நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் உள்ள விஸ்கி கிரீக் என்ற பொரிப்பகத்தில் குஞ்சுகள் கோடிக்கணக்கில் செத்தன. தொட்டியின் அடியில் தூசுபோலப் படிந்து கிடந்தன. மேற்குக் கரையின் சிறு பண்ணைக்காரர்களில் பெரும்பாலோர் அந்த ஒரே இடத்தை நம்பியிருந்தார்கள். அங்கே விதை இல்லையென்றால் மூன்று வருஷம் கழித்து அறுவடை இல்லை. டாபாப் விரிகுடாவில் பெரிய கம்பெனி ஒன்றின் பொரிப்பகத்திலும் இதே நிலை. வில்லாபாவில் இயற்கையாக ஒட்டும் குஞ்சுகளும் அந்த ஆண்டுகளில் தவறிப்போயின.

முதலில் ஒரு பாக்டீரியாவின் மேல் சந்தேகம் விழுந்தது. நீரைச் சுத்திகரிக்கும் கருவிகளை வாங்கிப் பொருத்தினார்கள். பாக்டீரியா போயிற்று, சாவு நிற்கவில்லை. பின்புதான் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பர்க் ஹேல்ஸும், பொரிப்பகத்தில் இருந்த ஆலன் பார்ட்டனும் நீரின் வேதியியலைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் கண்டதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முட்டை ஓட்டை வினிகரில் போட்டு வைத்தால் ஓடு கரையும். சிப்பி ஓடும் முட்டை ஓடும் ஒரே சுண்ணாம்புச் சத்துதான். நம் தாத்தா பாட்டி வெற்றிலைக்குத் தடவிய கிளிஞ்சல் சுண்ணாம்பு இந்த ஓடுகளைச் சுட்டதுதானே. வண்டிகளும் ஆலைகளும் விடும் கரியமில வாயுவில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் கடல்நீரின் காரத்தன்மை சிறுகச் சிறுகக் குறைகிறது. வடக்குக் காற்று பலமாக வீசும் நாட்களில், ஆழ்கடலின் குளிர்ந்த நீர் மேலே எழும்பி இந்தக் கரைக்கு வருகிறது. அந்த நீரில் கரியமில வாயு ஏற்கெனவே அதிகம், மனிதர் விட்டதும் அதோடு சேர்ந்துகொண்டது. முட்டையிலிருந்து வெளிவந்த சிப்பிக் குஞ்சு முதல் இரண்டு நாளில் தன் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். முட்டையில் தாய் வைத்த சத்து மட்டுமே அதற்குக் கையிருப்பு. ஓடு கட்டுவதற்குச் சாதகமில்லாத நீரில் அந்தச் சத்து முழுவதும் கட்டுவதிலேயே செலவாகிவிடும், வளர எதுவும் மிஞ்சாது. பசியில் செத்துவிடும்.

நோயைக் கண்டபின் மருந்து எளிதாக இருந்தது. பகல் முழுவதும் வெயிலில் கடற்புல்லும் பாசியும் கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால், பிற்பகலில் விரிகுடாவின் நீர் சற்று நன்றாக இருக்கும். ஆகவே காலையில் நிரப்பிய தொட்டிகளைப் பிற்பகலில் நிரப்பினார்கள். அதோடு, தொட்டிக்கு வரும் நீரில் சலவைச் சோடாவை அளந்து கலந்தார்கள். நீரின் நிலையை நிமிஷத்துக்கு நிமிஷம் அளக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. அந்த அளவுகள் இணையத்தில் எல்லாப் பண்ணைக்காரரும் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றன. இந்த ஆய்வு 2012-ல் அச்சில் வந்தது. அதே ஆண்டில் வாஷிங்டன் ஆளுநர் கிறிஸ்டீன் கிரெகுவார் அமைத்த குழு, கடல் அமிலமாவதைப் பற்றி மாநில அளவில் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. வில்லாபாவில் ஒரு குடும்பப் பண்ணை, குஞ்சு பொரிக்கும் வேலையை ஹவாய்த் தீவுக்கே மாற்றிக்கொண்டது.

ஒன்றைக் கவனியுங்கள். சலவைச் சோடா தொட்டிக்குத்தான் மருந்து. கடலுக்கு அதைக் கலக்க முடியாது. தொட்டியில் பிறக்கும் சிப்பிக்கு ஆயுள் நீண்டது. கடலிலேயே முட்டையிட்டுப் பிறக்கும் உயிர்களுக்கு இந்த வசதி இல்லை.

இன்றைய பண்ணை

முன்பெல்லாம் விதையைச் சேற்றில் தூவிவிட்டு மூன்று வருஷம் காத்திருப்பார்கள். இப்போது பல பண்ணைகளில் சிப்பி ஒவ்வொன்றும் தனித்தனியாக, வலைப்பையிலோ கூடையிலோ வளர்கிறது. பையின் ஒரு முனையைக் கயிற்றில் கட்டி, மறுமுனையில் மிதவை பொருத்துவார்கள். கடல் ஏறும்போது பை எழும்பும், வற்றும்போது விழும். தினமும் இப்படிப் புரளுவதால் ஓட்டின் மெல்லிய விளிம்பு உடைந்து, ஓடு ஆழமாகவும் தடிமனாகவும் ஆகிறது. உணவகங்கள் அதற்குத்தான் நல்ல விலை கொடுக்கின்றன. நியூசிலாந்தில் உருவான ஒரு முறையில், கூடைகள் நீரின்மேல் வரிசையாக மிதக்கும். படகில் பொருத்திய கருவி ஒன்று போகிற போக்கில் அவற்றைத் தலைகீழாகப் புரட்டிப்போடும். ஓட்டில் பிடித்த பாசியும் பூச்சியும் வெயிலில் காய்ந்துவிடும். அளவுவாரியாகப் பிரிப்பதற்குக் கேமரா வைத்த இயந்திரங்கள் வந்துவிட்டன. நீரின் சூடு, உப்பு, ஆக்ஸிஜன் எல்லாம் கைப்பேசியில் தெரிகிறது. நம் பிள்ளைகளில் பலர் படிக்கும் படிப்பு இந்த வேலைகளுக்குத்தான் உதவுகிறது. மென்பொருள் என்றால் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து செய்வது மட்டுமல்ல.

ஆனால் இந்தத் தொழிலில் உடலுழைப்பு போய்விடவில்லை. பியூஜெட் சவுண்டில் குளிர்காலத்தின் பெரிய வற்றங்கள் இரவில் வரும். டிசம்பர் நடுச்சாமத்தில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முழங்கால் சேற்றில் நின்று சிப்பி பொறுக்குகிறவர்கள் இன்றும் உண்டு. கத்தியால் ஓட்டைத் திறக்கும் வேலையும் பெரும்பாலும் கையால்தான். அன்று அந்தச் சேற்றில் ஜப்பானியர் நின்றார்கள். இன்று நிற்பவர்களில் பலர் மெக்சிகோ, குவாத்தமாலா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். புரட்டும் கருவி வந்தால் அந்த முதுகுகளுக்கு ஓய்வு, சில வீடுகளுக்கு வேலையிழப்பு. கருவி வாங்கப் பெரிய பண்ணைக்குப் பணம் உண்டு, சிறு பண்ணைக்குக் கடன்தான் உண்டு. தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்பதைவிட, இந்தக் கணக்கில் யாருக்கு வரவு, யாருக்குச் செலவு என்று கேட்பதே சரி.

கருவிக்கு அடங்காத நாட்களும் வருகின்றன. 2021 ஜூன் கடைசியில் வந்த வெப்ப அலையை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜூன் 28 அன்று சியாட்டிலில் 108 டிகிரி பாரன்ஹீட். அதே நாட்களில் கடலும் நடுப்பகலில் வெகுதூரம் வற்றியது. கரைகளில் சிப்பியும் மட்டியும் வெந்து வாய் பிளந்து கிடந்தன. சூடு எத்தனை டிகிரி என்று கருவி சரியாகச் சொல்லிற்று. அதைத் தணிக்க அதனால் முடியவில்லை.

கடல் தாண்டிய மொய்

இதே மியாகி விதை வேறொரு நாட்டையும் காப்பாற்றியது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சு நாட்டுப் பண்ணைகளில் அப்போது வளர்க்கப்பட்டுவந்த சிப்பி வகை நோயால் அடியோடு அழிந்தது. மியாகியிலிருந்து ஆயிரக்கணக்கான டன் விதையும், கனடாவின் மேற்குக் கரையிலிருந்து தாய்ச் சிப்பிகளும் கொண்டுவரப்பட்டன. இன்று பிரெஞ்சுக்காரர் பெருமையோடு உண்ணும் சிப்பி பெரும்பாலும் அந்த வம்சம்தான்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் சுனாமி வந்தது. 2004 டிசம்பரைக் கண்ட நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மியாகியின் சிப்பிப் பண்ணைகள் கயிறு, மிதவை, படகு எதுவும் மிஞ்சாமல் போயின. அப்போது பிரெஞ்சுச் சிப்பிக்காரர்கள் மிதவை, கயிறு முதலிய சாமான்களைச் சேர்த்து அங்கே அனுப்பினார்கள். அந்த உதவித் திட்டத்துக்கு ஒரு ஜப்பானியச் சொல்லையே பெயராக வைத்தார்கள்: ஒகாயேஷி. வாங்கிய சீருக்குத் திருப்பிச் செய்யும் சீர் என்று பொருள். நம் கலியாண வீட்டு மொய் நோட்டைப் புரட்டியவர்களுக்கு இது உடனே புரியும். நாற்பது ஆண்டுக்கு முன் வைத்த மொய்யை, கஷ்ட காலம் பார்த்துத் திருப்பிச் செய்திருக்கிறார்கள்.

இங்கேயும் ஒரு கடன் தீர்க்கப்பட்டு வருகிறது. பியூஜெட் சவுண்டில் மான்செஸ்டர் என்ற இடத்தில் 2014-ல் ஒரு பொரிப்பகம் திறக்கப்பட்டது. விற்பதற்கு அல்ல, அருகிப்போன அந்தச் சின்ன ஒலிம்பியா சிப்பியை மறுபடியும் இந்தக் கரைகளில் பெருக்குவதற்கு. சிப்பி வளர்ப்பைப் பல தலைமுறை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்த வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் சூவின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். சீன வம்சாவளியில் வந்தவர் அவர். ஜப்பான் விதைக்கு மாற்றாக வளர்ந்த அதே பொரிப்பகக் கலை, இப்போது இந்த மண்ணின் சிப்பிக்கு உதவுகிறது. தங்கள் மூதாதையர் உண்ட சிப்பி திரும்பி வர வேண்டும் என்று பூர்வகுடி மக்களும் தங்கள் கரைகளில் அதை வளர்க்கிறார்கள்.

வாலிபர்களே, அடுத்த கோடை விடுமுறையில் வடக்கே சக்கனட் டிரைவ் சாலையில் போகும்போது சாமிஷ் விரிகுடா கண்ணில் படும். கடல் வற்றிய நேரமாக இருந்தால் சேற்றுத் திட்டுகள் தெரியும். செத்துவிட்டது என்று சிப்பியைக் கொட்டியது அந்த நீரில்தான். வண்டியை நிறுத்தி, சுகிமோட்டோ, மியாகி என்ற இரண்டு பெயர்களையும் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.